சங்கீதமும் அன்றாடமும்: வாசகர் கேள்வி பதில்

சங்கீதப் புத்தகத்திலிருந்து அன்றாட விசுவாச வாழ்க்கைக்குப் பாடம் எடுப்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். மேற்கோள்கள் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுக்கப்பட்டவை. வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாசிக்கக் கேட்டுக்கொள்கிறோம். வசன எண்களை நீங்களே பார்த்துச் சரிபார்த்தால்தான் பதில்கள் முழுமையாக விளங்கும்.

தினமும் காலையில் ஒரு சங்கீதம் வாசிக்கிறேன். வாசிக்கும்போது மனதுக்கு இதமாக இருக்கிறது. வேலைக்குப் போய்ச் சேர்வதற்குள் என்ன வாசித்தேன் என்பதே மறந்துவிடுகிறது. அன்றைய நாளுக்கு ஒரு பாடத்தை எப்படி எடுத்துக்கொள்வது?
(அலுவலக ஊழியர் ஒருவர்)

சங்கீதங்களில் பெரும்பாலானவை ஜெபங்கள். நிருபங்களை வாசிப்பதுபோல, 'இதில் எனக்கு என்ன கட்டளை?' என்று தேடிக்கொண்டே வாசித்தால் கைக்கு ஒன்றும் சிக்காது. ஒருவர் தேவனோடு பேசிக்கொண்டிருக்கிறார், நாம் பக்கத்தில் நின்று கேட்கிறோம். முதலில் அவர் பேச்சைக் கேட்டு முடிக்க வேண்டும்.

பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். முழுச் சங்கீதத்தையும் இரண்டு தடவை வாசியுங்கள், ஒரு தடவையாவது வாய்விட்டு. தலைப்பை விட்டுவிடாதீர்கள். 3, 51, 57 போன்ற சங்கீதங்களில் எந்தச் சூழ்நிலையில் பாடியது என்பது தலைப்பிலேயே இருக்கிறது. அடுத்து, பென்சிலை எடுத்து, எந்த வசனம் யாரிடம் பேசுகிறது என்று ஓரத்தில் குறியுங்கள்: தேவனிடமா, மனிதரிடமா, தன் ஆத்துமாவிடமா? பேச்சு திரும்பும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். பாடம் பெரும்பாலும் அந்தத் திருப்பத்தில்தான் இருக்கிறது.

நான்காம் சங்கீதத்தை எடுத்துச் செய்து பார்ப்போம். எட்டே வசனங்கள். முதல் வசனம் தேவனிடம்: "நெருக்கத்தில் இருந்த எனக்கு விசாலமுண்டாக்கினீர்." இரண்டிலிருந்து ஐந்து வரை மனிதரிடம். தாவீதை அவமானப்படுத்தி, பொய்யை நாடுகிறவர்கள் அவர்கள். ஆறாம் வசனத்தின் நடுவில் பேச்சு மறுபடியும் தேவனிடம் திரும்பி, கடைசிவரை அவரிடமே நிற்கிறது. முடிவு உங்களுக்குத் தெரிந்ததே: "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரை செய்வேன்."

இப்போது கேளுங்கள்: அவதூறு பேசியவர்கள் மாறினார்களா? மாறியதாக ஒரு வார்த்தையும் இல்லை. சூழ்நிலை அப்படியே இருக்கிறது, ஆனால் அவர் தூங்கப் போகிறார். நடுவில் நான்காம் வசனம் நிற்கிறது: "நீங்கள் கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள், உங்கள் படுக்கையிலே உங்கள் இருதயத்தில் பேசிக்கொண்டு அமர்ந்திருங்கள்." எபேசியர் 4:26-ல் பவுல் எடுத்தாளும் வார்த்தைகள் இவை. கோபம் வரக்கூடாது என்று சங்கீதம் சொல்லவில்லை. கோபம் வந்த இரவில் வாய் அமைதியாயிருக்கட்டும், உள்ளம் தேவனுக்கு முன்பாகப் பேசட்டும் என்கிறது.

அன்றைக்குச் செய்ய வேண்டியது இங்கிருந்து வருகிறது. உங்களைக் குறித்து ஒருவர் தவறாகப் பேசியிருந்தால், அவருக்கு எழுதி வைத்திருக்கும் காரமான பதிலை இன்றிரவு அனுப்பாதீர்கள். அதைத் தேவனிடம் சொல்லிவிட்டுப் படுங்கள். காலையில் எடுத்துப் பாருங்கள். ஒரு சங்கீதத்திலிருந்து இப்படி ஒரே ஒரு செயல் போதும். அதை ஒரு வரியாக எழுதும்போது யாரிடம், எப்போது, என்ன என்று மூன்றும் இருக்க வேண்டும். 'இன்று அதிகமாக நேசிப்பேன்' என்று எழுதினால் மதியத்துக்குள் மறந்துபோகும். 'மதிய இடைவேளையில் அவரிடம் போய்ப் பேசுவேன்' என்று எழுதினால் நிற்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எபிரெயக் கவிதை ஒரே கருத்தை இரண்டு அடிகளில் சொல்லும். இரண்டாம் அடி முதல் அடியை அழுத்தும், நீட்டும், அல்லது எதிர்ப்பக்கத்தைக் காட்டும். "உம்முடைய வசனம் என் கால்களுக்குத் தீபமும், என் பாதைக்கு வெளிச்சமுமாயிருக்கிறது" (119:105) என்பதில் தீபத்துக்கு ஒரு பாடம், வெளிச்சத்துக்கு வேறொரு பாடம் என்று பிரித்துச் சொல்வதைப் பிரசங்கங்களிலும் கேட்கிறோம். சங்கீதக்காரர் சொல்வது ஒன்றுதான். இரண்டு அடிகளையும் சேர்த்தே படியுங்கள்.

ஒரு வசனத்தை வாக்குத்தத்தமாகப் பிடித்து ஜெபித்தேன். "கர்த்தரிடத்தில் மனமகிழ்ச்சியாயிரு, அவர் உன் இருதயத்தின் வேண்டுதல்களை உனக்கு அருள்செய்வார்" (37:4). கேட்டது கிடைக்கவில்லை. என் விசுவாசத்தில் குறைவா?
(வாசகி ஒருவர்)

உங்கள் விசுவாசத்தைச் சந்தேகிக்கும் முன் அந்தச் சங்கீதம் முழுவதையும் பாருங்கள். 40 வசனங்கள். தொடக்கமே "பொல்லாதவர்களைக்குறித்து எரிச்சலடையாதே" என்பதுதான். எரிச்சல் வேண்டாம் என்ற அந்த வார்த்தை 7, 8 வசனங்களிலும் திரும்ப வருகிறது. அநியாயக்காரன் வாழ்கிறான், நியாயமாய் நடக்கிறவன் பொறுமையிழக்கிறான். அந்த இடத்தில் நிற்கிறவனுக்குச் சொன்ன ஆறுதல் நான்காம் வசனம். அவனைப் பார்த்துப் புழுங்காமல் கர்த்தரிடத்தில் மகிழ்ந்திரு, உனக்கு வேண்டியதை அவர் அறிவார் என்கிறது. கேட்ட பொருளைக் குறித்த நாளில் தருவேன் என்று அது சொல்லவில்லை. ஐந்தாம் வசனம் வழியை ஒப்புவிக்கச் சொல்கிறது, ஏழாம் வசனம் காத்திருக்கச் சொல்கிறது. நான்கை மட்டும் தனியே எடுப்பது, மருந்துச் சீட்டிலிருந்து ஒரு வரியைக் கிழித்துக்கொண்டு கடைக்குப் போவதற்குச் சமம்.

இதைச் சற்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வனாந்தரத்தில் சோதனைக்காரன் இயேசுவிடம் எடுத்துச் சொன்ன வசனம் எது? 91-ஆம் சங்கீதம் 11, 12 (மத்தேயு 4:6). தேவதூதர்கள் உன்னைக் கைகளில் ஏந்துவார்கள், ஆகவே ஆலயத்தின் உப்பரிகையிலிருந்து தாழக் குதி என்றான். வசனம் மெய்யானது. அதைப் பிரயோகித்த விதம் பொய். கர்த்தராகிய இயேசு வேறொரு வசனத்தைக் கொண்டு பதில் சொன்னார். வேதத்தை வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தை அவரிடமே கற்றுக்கொள்கிறோம்.

91-ஐப் பிடித்திருக்கிற ஒவ்வொருவரும் அதன் 15-ஆம் வசனத்தை நிதானமாக வாசிக்க வேண்டும்: "ஆபத்தில் நானே அவனோடிருந்து." ஆபத்தே வராது என்றால் இந்த வார்த்தைகளுக்கு இடமே இல்லை. பிறகு 44-ஆம் சங்கீதத்துக்குப் போங்கள். 'நாங்கள் உம்மை மறக்கவில்லை, உடன்படிக்கைக்குத் துரோகம் செய்யவில்லை, ஆனாலும் நொறுக்கப்பட்டோம்' என்று ஜனங்கள் அழுகிறார்கள். அதன் 22-ஆம் வசனத்தை ரோமர் 8:36-ல் பவுல் எடுத்துக்காட்டிவிட்டு, கிறிஸ்துவின் அன்பைவிட்டு நம்மைப் பிரிப்பவன் யார் என்ற பேச்சைத் தொடர்கிறார். 91-ம் 44-ம் ஒரே புத்தகத்தில் இருக்கின்றன. ஒன்றை மட்டும் படித்தால் வேதனை வரும் நாளில் நிலைகுலைந்துபோவோம்.

ஒரு வசனத்தை வாக்குத்தத்தமாக எடுப்பதற்கு முன் மூன்றைப் பாருங்கள்: முன்னும் பின்னும் உள்ள ஐந்து வசனங்கள், அது யாருக்கு எந்த நிலையில் சொல்லப்பட்டது, கிறிஸ்துவும் அப்போஸ்தலரும் அதை எப்படி எடுத்தாண்டார்கள். இதற்குப் பின்னும் அந்த வசனம் உங்கள் கையில் நின்றால் தைரியமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தேவனிடம் முறையிடுவது அவிசுவாசமா? வீட்டில் தொடர்ந்து வியாதி. ஜெபிக்க உட்கார்ந்தால் 'ஏன்?' என்ற கேள்விதான் வருகிறது. துதி வரவில்லை. மற்றவர்கள் 'முறுமுறுக்காதே, ஸ்தோத்திரம் சொல்' என்கிறார்கள்.
(பெயர் வேண்டாம்)

அவிசுவாசம் இல்லை, சகோதரி. 150 சங்கீதங்களை வகைப்படுத்திப் பார்த்தால் முறையிடும் சங்கீதங்களே மற்ற எந்த வகையையும்விட அதிகம். சிலுவையில் நம் ஆண்டவர் எடுத்த வார்த்தைகளும் 22-ஆம் சங்கீதத்தின் முதல் வசனம்தான்: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" வனாந்தரத்தில் இஸ்ரவேலர் முறுமுறுத்ததற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. அவர்கள் தேவனைப் பற்றித் தங்களுக்குள் பேசினார்கள். சங்கீதக்காரர் தேவனிடமே பேசுகிறார். முகத்தைத் திருப்பிக்கொள்ளாதவரை அது ஜெபம்தான்.

13-ஆம் சங்கீதத்தை உங்கள் கையில் கொடுக்க விரும்புகிறோம். ஆறு வசனங்கள், மூன்று பகுதிகள். 1, 2 வசனங்களில் முறையீடு: "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு தரம் வருகிறது. 3, 4-ல் விண்ணப்பம்: என்னை நோக்கிப் பாரும், என் கண்களைத் தெளிவாக்கும். 5, 6-ல் நம்பிக்கை: "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்."

ஒரு தாளை மூன்றாகப் பிரியுங்கள். முதல் பகுதியில் உங்கள் நான்கு "எதுவரைக்கும்" கேள்விகளை எழுதுங்கள். மறைக்காமல் எழுதுங்கள்: எதுவரைக்கும் இந்த மருத்துவச் செலவு, எதுவரைக்கும் இந்தத் தூக்கமில்லாத இரவு. இரண்டாம் பகுதியில் இன்றைக்கு வேண்டிய ஒரே ஒரு காரியத்தைக் கேளுங்கள். வாழ்நாள் முழுவதற்கும் கேட்க முயன்றால் மனம் சோர்ந்துவிடும். மூன்றாம் பகுதியில் தேவன் முன்பு செய்த ஒரு நன்மையை மட்டும் எழுதுங்கள். ஆறாம் வசனம் அப்படித்தான் முடிகிறது: "கர்த்தர் எனக்கு நன்மை செய்தபடியால் அவரைப் பாடுவேன்."

இதில் தவறு நடப்பது பெரும்பாலும் இரண்டு இடங்களில். முதலிரண்டு வசனங்களை வெட்கப்பட்டுத் தாண்டிவிட்டு ஐந்தாம் வசனத்துக்கு ஓடுவது ஒன்று. அந்தத் துதி உதட்டோடு நின்றுவிடும். ஒவ்வொரு நாளும் முதல் பகுதியோடே எழுந்துவிடுவது மற்றொன்று. மூன்றாம் பகுதி வராவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவைத்து, 'இதை நீர் நிரப்பும்' என்று சொல்லி முடியுங்கள். 88-ஆம் சங்கீதத்தில் அந்தப் பகுதியே இல்லை. கடைசி வசனம்வரை இருள்தான். தோழரும் விலகிப்போனார்கள் என்று முடிந்துவிடுகிறது. அதையும் பரிசுத்த ஆவியானவர் வேதத்தில் வைத்திருக்கிறார். அந்தச் சங்கீதத்திலும் முதல் வசனம் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றே தொடங்குகிறது.

உங்களுக்கு 'ஸ்தோத்திரம் சொல்' என்று மட்டும் சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: துயரப்படுகிறவரோடு உட்கார்ந்து 13-ஐ அவருக்காக வாய்விட்டு வாசியுங்கள். முதலிரண்டு வசனங்களை அவர் வாசிக்கட்டும், ஐந்தும் ஆறும் நீங்கள் வாசியுங்கள். அவரால் இன்று சொல்ல முடியாததை நீங்கள் அவருக்காகச் சொல்கிறீர்கள்.

தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் போய்விட்டாலோ, வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தாலோ, ஜெபத்தோடு மருத்துவரிடமும் உடனே போக வேண்டும், நம்பகமான ஒருவரிடம் அன்றே சொல்லவும் வேண்டும். சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று கேட்ட எலியாவுக்கு ஆண்டவர் முதலில் கொடுத்தது தூக்கமும் ஆகாரமும் (1 இராஜாக்கள் 19). சரீரத்துக்கு வேண்டிய உதவியை ஏற்பது விசுவாசக் குறைவு ஆகாது.

109, 137 போன்ற சங்கீதங்களில் எதிரியைச் சபிக்கிறார்களே. "உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்" என்றாரே இயேசு. இவற்றை வாசிக்கலாமா? எனக்குத் தீங்கு செய்த ஒருவர்மேல் 109-ஐ வாசிக்கச் சொல்லி ஒருவர் ஆலோசனை கொடுத்தார்.
(இளைஞர் ஒருவர்)

அந்த ஆலோசனையைத் தள்ளிவிடுங்கள். ஒருவர் பேரைச் சொல்லி, இத்தனை நாள், இத்தனை தரம் என்று 109-ஐ ஓதுவது மந்திரம். அது ஜெபம் ஆகாது. தேவனுடைய வார்த்தையை ஆயுதமாக எடுத்து ஒருவர்மேல் எறிய நமக்கு அதிகாரம் இல்லை.

வாசிக்கலாமா என்றால், வாசிக்க வேண்டும். எப்படி வாசிப்பது என்பதுதான் கேள்வி. 137-ஐப் பாடியவர்கள் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்கள். நகரம் இடிந்ததையும் பிள்ளைகள் மடிந்ததையும் கண்ணால் கண்டவர்கள். கடைசி இரண்டு வசனங்களின் கொடூரம் நம்மை நடுங்க வைக்கிறது. அது அவர்களுக்கு நடந்ததன் எதிரொலி: "நீ எங்களுக்குச் செய்தபடி" என்று எட்டாம் வசனமே சொல்கிறது. அந்த ஆத்திரத்தை அவர்கள் எங்கே கொண்டுபோனார்கள் என்று கவனியுங்கள். கத்தியை எடுக்கவில்லை, தேவனிடம் கொட்டினார்கள். தாவீதும் அப்படித்தான். குகையில் ஒரு தரம், பாளயத்தில் ஒரு தரம், சவுல் அவன் கையில் அகப்பட்டிருந்தான் (1 சாமுவேல் 24, 26). இரண்டு தரமும் கையை ஓங்கவில்லை. பழிவாங்குதல் தேவனுக்குரியது என்று ரோமர் 12:19 சொல்வதைச் செய்துகாட்டிய மனிதன் பாடியது 109.

உங்கள் காரியத்துக்கு 139-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 19-இலிருந்து 22 வரை துன்மார்க்கர்மேல் கொதிக்கிறார், "முழுப்பகையாய்" பகைக்கிறேன் என்கிறார். அடுத்த வசனமே, "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்." சுவரில் எழுதி மாட்டுகிற 23, 24 வசனங்கள் இந்தக் கொதிப்புக்குப் பிறகுதான் வருகின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நீங்களும் இந்த வரிசையிலேயே போங்கள். நடந்த அநியாயத்தை ஒன்றும் குறைக்காமல் தேவனிடம் சொல்லுங்கள். தீர்ப்பை அவரிடம் விடுங்கள். பிறகு, என்னையும் ஆராயும் என்று கேளுங்கள். அந்த மனிதருக்காக ஆசீர்வாதம் கேட்க அன்றே முடியாமல் போகலாம். இரண்டாம் வாரம் முடியலாம். மத்தேயு 5:44 சேரவேண்டிய இடம், அங்கே நடந்துதான் போக வேண்டும்.

தீர்ப்பைத் தேவனிடம் விடுவது என்றால் குற்றத்தை மூடி மறைப்பது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அடி, பாலியல் வன்முறை, ஏமாற்று போன்றவற்றைச் சட்டத்தின்முன் கொண்டுபோவது பழிவாங்குதல் ஆகாது. அதிகாரம் அதற்காகவே தேவனால் நியமிக்கப்பட்டது என்று ரோமர் 13 சொல்கிறது.

குறுக்குவழியில் போகிறவர்கள் உயருகிறார்கள். நேர்மையாக வேலை செய்து என்ன கண்டேன் என்று தோன்றுகிறது.
(வணிகத் துறையில் இருப்பவர்)

இதே வார்த்தைகளை ஆசாப் 73:13-ல் சொல்கிறார்: விருதாவாகவே என் இருதயத்தைச் சுத்தம்பண்ணினேன். தேவாலயத்தில் பாட்டுநடத்துகிற லேவியன் சொன்னது இது. அப்படிச் சொல்ல நீங்கள் வெட்கப்பட வேண்டாம்.

அவர் செய்ததைப் பின்பற்றுங்கள். 15-ஆம் வசனத்தில், இந்த எண்ணத்தை வெளியே பரப்பினால் உம்முடைய பிள்ளைகளுக்குத் துரோகியாவேன் என்று நாவை அடக்குகிறார். புழுக்கத்தில் இருக்கும்போது இளைய விசுவாசிகள்முன் அதைக் கொட்டாமல் இருப்பது முதல் பாடம். 17-ஆம் வசனத்தில் பரிசுத்த ஸ்தலத்துக்குள் நுழைகிறார். அங்கேதான் திருப்பம். துன்மார்க்கரின் வங்கிக்கணக்கு அந்த வசனத்தில் குறையவில்லை. அவர்களுடைய முடிவு இவருக்குத் தெரிகிறது. 22-ல் தன்னையே மூடன் என்கிறார். 26-ல் "என் பங்கு" தேவன் என்று நிற்கிறார். பொறாமை பங்கைக் குறித்த கேள்வியாகத் தொடங்கியது, பங்கு எது என்று கண்டபோது அடங்கியது. ஆகவே, பொறாமை கடிக்கும் வாரத்தில் சபை ஆராதனையை விட்டுவிடாதீர்கள். தனியே உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் 16-ஆம் வசனத்தில் அவர் சொல்லும் வருத்தம்தான் மிஞ்சும்.

கூடவே, மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாளில் 15-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். ஐந்தே வசனங்கள்: புறங்கூறுதல், அயலானைப் பற்றிய அவதூறு, நஷ்டம் வந்தாலும் சொன்ன சொல் தவறாமை, ஏழையை நெருக்கும் வட்டி, லஞ்சம். ஒவ்வொன்றுக்கும் அந்த மாதத்தில் நடந்த ஒரு காரியத்தை நினைத்துப் பாருங்கள். நஷ்டத்தைத் தாங்கிக் காத்த வாக்கு ஒன்றாவது இருந்தால் அதற்காக ஸ்தோத்திரம் செலுத்துங்கள். தவறியது இருந்தால் அடுத்த மாதம் தொடங்குமுன் சம்பந்தப்பட்டவரிடம் பேசிவிடுங்கள்.

எங்கள் வீட்டில் உள்ள பழைய கத்தோலிக்க வேதாகமத்தில் மேய்ப்பர் சங்கீதம் 22 என்று இருக்கிறது. அச்சுப்பிழையா?

பிழை இல்லை. எபிரெய மூலத்தில் 9, 10 என்று இரண்டாக இருப்பதைக் கிரேக்க, லத்தீன் மொழிபெயர்ப்புகள் ஒன்றாகச் சேர்த்தன. அதனால் அதன்பின் வருபவற்றில் பெரும்பாலானவை ஓர் எண் குறைந்து வரும்: 23 அங்கே 22, 51 அங்கே 50. 114-ம் 115-ம் அப்படியே சேர்ந்திருக்கும், 116-ம் 147-ம் இரண்டாகப் பிரிந்திருக்கும். முதல் எட்டும் கடைசி மூன்றும் எங்கும் ஒரே எண்தான். மொத்தம் இரண்டிலும் 150.

ஒரு பாவத்துக்காக 51-ஆம் சங்கீதத்தைப் பலமுறை சொல்லி ஜெபித்துவிட்டேன். மன்னிப்பு கிடைத்த உணர்வு வரவில்லை. இன்னும் எத்தனை முறை சொல்ல வேண்டும்?
(பெயர் வேண்டாம்)

இனிச் சொல்ல வேண்டாம். எண்ணிக்கை மன்னிப்பைக் கொண்டுவராது. பதிலாக, இரண்டைச் சரிபாருங்கள்.

ஒன்று, பாவத்தைப் பேர் சொல்லி அறிக்கையிட்டீர்களா? 51-ஐ வாசிப்பதே அறிக்கை என்று நினைத்து, சொந்தப் பாவத்தின் பேரை ஒருதரமும் சொல்லாமல் இருந்துவிடுகிறோம். 32-ஆம் சங்கீதத்தில் தாவீது அடக்கிவைத்தமட்டும் எலும்புகள் உலர்ந்தன, மறைக்காமல் சொன்னபோது மன்னிப்பு அதே வசனத்தில் வருகிறது (32:5). 'சகல பாவங்களையும் மன்னியும்' என்பதற்குப் பதிலாக, 'இன்னாரிடம் இந்தப் பொய்யைச் சொன்னேன்' என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லுங்கள்.

இரண்டு, மனிதருக்குச் செய்ய வேண்டியது பாக்கி இருக்கிறதா? "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து" (51:4) என்பதை வைத்து, தேவனிடம் சொன்னால் போதும் என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். தலைப்பைப் பாருங்கள்: பத்சேபாளிடத்தில் நடந்ததற்குப் பின், தீர்க்கதரிசியான நாத்தான் வந்தபோது பாடியது. தாவீது கொல்லச் செய்த அவள் கணவன் உரியா செத்துக் கிடந்தான். அவனிடம் திருப்பிக் கொடுக்கத் தாவீதுக்கு வழியே இல்லை. உங்களுக்கு வழி இருந்தால் அதைச் செய்யாமல் சமாதானம் தேடாதீர்கள். மத்தேயு 5:23, 24 காணிக்கையை வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகச் சொல்கிறது. சகேயு நாலத்தனையாய்த் திருப்பிக்கொடுத்தான். எடுத்த பணத்தைக் கொடுங்கள், சொன்ன பொய்யை, சொன்ன ஆட்களிடமே திருத்துங்கள். ஒன்றை மட்டும் யோசியுங்கள்: உங்கள் மனப்பாரம் இறங்குவதற்காகச் சொல்வது கேட்கிறவருக்குப் புதுக் காயமாகுமா? அப்படியானால் முதலில் முதிர்ந்த போதகர் ஒருவரிடம் ஆலோசனை கேளுங்கள்.

இரண்டும் முடிந்ததா? அப்படியானால் 51-ஐ மூடிவிட்டு 103-க்குப் போங்கள். "மேற்குக்கும் கிழக்குக்கும் எவ்வளவு தூரமோ" என்கிற 12-ஆம் வசனத்தை நன்றி சொல்லும் ஜெபமாக்குங்கள். உணர்வு தாமதமாக வரலாம். மன்னிப்பு கிறிஸ்து சிந்திய இரத்தத்தின்மேல் நிற்கிறது, உங்கள் உணர்வின்மேல் நிற்கவில்லை. பாவத்தின் விளைவுகள் சில தொடர்வதைப் பார்த்து, மன்னிக்கப்படவில்லை என்றும் முடிவுகட்டாதீர்கள். "கர்த்தர் உமது பாவம் நீங்கச்செய்தார்" என்று நாத்தான் சொன்ன பிறகும் தாவீதின் வீட்டில் துக்கம் இருந்தது (2 சாமுவேல் 12).

குடும்ப ஜெபத்தில் சிறு பிள்ளைகளுக்கு எந்தச் சங்கீதங்கள் பொருந்தும்?
(ஒரு தாய்)

சிறியதில் தொடங்குங்கள். 117-க்கு இரண்டே வசனங்கள், வேதாகமத்திலேயே மிகச் சிறிய அதிகாரம். பிறகு 23 (ஆறு), 121 (எட்டு), 8 (ஒன்பது), 150 (ஆறு). வாரத்துக்கு ஒன்று, ஏழு நாளும் அதே சங்கீதம். ஐந்தாம் நாளில் பிள்ளைகள் தானாகச் சொல்லத் தொடங்குவார்கள். 23-ல் முதல் மூன்று வசனங்களில் "அவர்" என்று பேசுகிறவர், பள்ளத்தாக்கு வந்ததும் "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்று நேரே பேசுவதை அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பயம் வரும் நேரத்தில் அவரைப் பற்றிப் பேசுவதை விட்டு அவரிடமே பேசலாம் என்பது ஐந்து வயதிலும் புரியும்.

136 பிள்ளைகளுக்கென்றே அமைந்ததுபோல் இருக்கும். ஒருவர் முதல் பாதியை வாசிக்க, எல்லாரும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று சொல்லலாம். 26 வசனங்களும் அப்படித்தான் முடிகின்றன. 25-க்கும் 26-க்கும் நடுவில் நிறுத்தி, அன்று நடந்த ஒரு நன்மையை ஒவ்வொருவரும் சொல்லட்டும், மற்றவர்கள் அதே பல்லவியைச் சொல்லட்டும். மொத்தம் பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. வீட்டில் ஒருவரைக் குத்துவதற்காகச் சங்கீதம் தேர்ந்தெடுக்காதீர்கள். அன்று தவறு செய்த மகனைப் பார்த்துக்கொண்டு முதலாம் சங்கீதத்தை வாசித்தால், அந்தச் சங்கீதம் அவனுக்கு வருஷக்கணக்கில் கசக்கும். வரிசைப்படி வாசித்தால் இந்தச் சோதனையே வராது.

150 சங்கீதங்களையும் விடாமல் வாசிக்க எளிய அட்டவணை உண்டா?

உண்டு. தேதியோடு முப்பது முப்பதாகக் கூட்டுங்கள். முதல் தேதி 1, 31, 61, 91, 121. இரண்டாம் தேதி 2, 32, 62, 92, 122. ஒரு நாளைக்கு ஐந்து, முப்பது நாளில் புத்தகம் முடியும். காலையில் மூன்று, இரவில் இரண்டு என்று பிரித்தால் சுமையாகத் தெரியாது. 29-ஆம் தேதி மட்டும் 119 வரும். 176 வசனம் என்பதால் அதை 31-ஆம் தேதிக்குத் தள்ளிவையுங்கள், அல்லது எட்டு வசனம் கொண்ட அதன் 22 பகுதிகளை ஒரு நாளைக்கு ஒன்றாகத் தனியே வாசியுங்கள்.

ஐந்திலும் பாடம் எடுக்க முயல வேண்டாம். நான்கை வாசித்துவிட்டு, ஒன்றில் மட்டும் முதல் கேள்விக்குச் சொன்னபடி பென்சிலோடு உட்காருங்கள். சந்தோஷமான நாளில் 88 வரும் (28-ஆம் தேதி அது வருகிறது). அன்று உங்களுக்குத் தெரிந்த துக்கமுள்ள ஒருவரின் பேரை நினைத்து அவருக்காக அதை ஜெபமாக்குங்கள், முடிந்தால் அன்றே அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். ஒரு நாள் தவறிவிட்டால் விட்டதைப் பிடிக்க ஓடாதீர்கள். அன்றைய தேதி எதுவோ அதிலிருந்து தொடருங்கள். விட்டுப்போனது அடுத்த மாதம் அதே தேதியில் மறுபடியும் வரும்.